காலில் எரிச்சல், தலைமேல் காந்தம்: மூளைத் தூண்டல் வலியை எப்படிக் குறைக்கிறது?

மூளையைத் தூண்டி வலியைக் குறைக்கும் சிகிச்சை பற்றிச் செய்தி வந்தால் மூன்று விதமான பேச்சு கிளம்புகிறது. ‘ஷாக் வைப்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்’ என்பது ஒன்று. ‘மூளையைத் தொட்டால் வலி போகிறதென்றால் அந்த வலியே கற்பனைதானே’ என்பது இன்னொன்று. மூன்றாவது விளம்பரங்களில் வருவது: மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், சில நாட்களில் வலி பறந்துவிடும். மூன்றிலும் துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மூன்றையும் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள்.

நடப்பது இதுதான். வலியை அடக்கும் ஏற்பாடு ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறது. மண்டையோட்டைத் திறக்காமல், காந்தத்தாலோ மெல்லிய மின்னோட்டத்தாலோ அந்த ஏற்பாட்டைத் தட்டி எழுப்பப் பார்க்கிறார்கள். சில வகை வலியில் அது எழுகிறது, சிலவற்றில் எழுவதில்லை. இது விளங்க வேண்டுமானால் காந்தத்துக்குப் போவதற்கு முன் வலி பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

காயமும் வலியும் ஒன்றல்ல

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், விரல் நுனியில் உள்ள நரம்புகள் ‘இங்கே ஆபத்து’ என்று ஒரு மின்சமிக்ஞையை அனுப்புகின்றன. அது கை வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியை அடைந்து, பிறகு மூளையின் மேற்பரப்பான புறணிக்குப் பரவுகிறது. இதுவரை நடந்தது சமிக்ஞைப் போக்குவரத்து மட்டுமே. இதை ஆபத்துச் சமிக்ஞை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சமிக்ஞையை மூளை மற்றத் தகவல்களோடு சேர்த்து எடைபோட்ட பிறகு நமக்கு உண்டாகும் அனுபவம்தான் வலி.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டு நுணுக்கம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் ஹென்றி பீச்சர், படுகாயமடைந்த வீரர்களிடம் வலி பற்றி விசாரித்து 1946இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் வலிநிவாரணி வேண்டாம் என்றார்கள். நினைவு தப்பியவர்கள் அல்ல அவர்கள். ஊசி குத்தினால் முகம் சுளித்தவர்கள்தான். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டுவிட்டோம் என்ற நிலையில், அவ்வளவு பெரிய காயம் அவ்வளவு பெரிய வலியாக மாறவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. காயம் ஆறி ஆண்டுகள் ஆன பிறகும், ஏன், கையே இல்லாமல் போன பிறகும், இல்லாத கையில் வலி இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வலி கற்பனை அல்ல. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும், திசுச் சேதம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. சேதம் நேர்ந்தாற்போன்ற அனுபவமாக இருந்தாலே அது வலிதான்.

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஏரி நிரம்பியிருக்கிறது என்பதற்காகக் கடைசி வயலுக்கு நீர் வந்துவிடாது. இடையில் மடை இருக்கிறது. அதைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளரின் வேலை. எந்த வயலுக்கு எவ்வளவு என்ற முடிவு ஊரிலிருந்து அவருக்கு வருகிறது. ஏரி ததும்பினாலும் மடை அடைத்திருந்தால் வயல் காய்ந்தே கிடக்கும்; அந்தப் போர்வீரர்களின் நிலை இது. ஏரியில் கொஞ்சம் நீர்தான் இருக்கிறது என்றாலும் மடைப்பலகை உடைந்துவிட்டால் வயல் நாளெல்லாம் நனைந்துகொண்டிருக்கும். நாள்பட்ட வலி பல நேரம் இப்படித்தான்.

மடை எங்கே, நீர்க்கட்டி யார்?

உடம்பில் அப்படி ஒரு மடை இருக்க வேண்டும் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஆபத்துச் சமிக்ஞை தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு கதவு இருக்கிறது, மற்ற நரம்புகளும் மூளையும் சேர்ந்து அதைத் திறக்கவோ சாத்தவோ முடியும் என்றார்கள். முழங்காலை இடித்துக்கொண்டதும் நாம் தன்னையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அதில் கொஞ்சம் இதம் கிடைப்பது தொடுவுணர்வு நரம்புகள் அந்தக் கதவைச் சற்றே சாத்துவதால்தான். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிற்பாடு பலவாறு திருத்தப்பட்டன. மைய யோசனை நிலைத்துவிட்டது.

நான்கே ஆண்டுகளில், 1969இல், டேவிட் ரெய்னால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்முனையால் தூண்டிக்கொண்டே, மயக்க மருந்து இல்லாமல் அவற்றுக்கு வயிற்று அறுவை செய்ய முடிந்ததாக எழுதினார். நீர்க்கட்டியின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. அந்த நீர்க்கட்டியின் கையில் இருக்கும் கருவி என்ன என்பது 1975இல் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் மூளையே சுரக்கும், மார்ஃபினைப் போல வேலை செய்யும் வேதிப்பொருட்களைப் பிரித்தெடுத்தார்கள். இந்த வகைப் பொருட்களை உள்ளூறும் ஓபியாய்டுகள் என்பார்கள். எண்டார்பின் என்ற பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். ஆபத்துச் சமிக்ஞை கீழிருந்து மேலே போகிறது. அதை அடக்கும் கட்டளை மேலிருந்து கீழே வருகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட வலியில், மேலிருந்து வரும் அந்தக் கட்டளை பலருக்கு வலுவிழந்திருக்கிறது. மூளைத் தூண்டல் குறிவைப்பது இந்த இரண்டாவது பாதையைத்தான், காயத்தை அல்ல.

மண்டையோட்டைத் திறக்காமல் உள்ளே போவது எப்படி?

மண்டையோடு மின்சாரத்தை எளிதில் விடாது. 1980இல் லண்டனில் இரண்டு ஆய்வாளர்கள் தலைத்தோலின் மேல் வலுவான மின்துடிப்பு கொடுத்து, மூளையைத் தூண்டிக் கையைத் துடிக்க வைத்துக் காட்டினார்கள். ஆனால் தோலில் சுரீரென்று வலித்தது. வலிக்கு மருந்து தேடுகிறவர்களுக்கு இது உதவாது!

விடை, மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதியில் இருந்தது. காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் அருகில் உள்ள கடத்தியில் மின்னோட்டம் தோன்றும். காந்தப்புலத்துக்கு எலும்பு ஒரு தடையே இல்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவும் ஒரு கம்பிச்சுருளைத் தலைக்கு மேல் பிடித்து, அதில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கும் குறைவாகப் பெரும் மின்னோட்டத்தை ஓடவிட்டார்கள். அதனால் எழுந்த காந்தத்துடிப்பு மண்டையோட்டைக் கடந்து, புறணியில் உள்ள நரம்பணுக்களில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கியது. கை துடித்தது, வலி இல்லை. இந்த முறைக்குக் காந்தத் தூண்டல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மருத்துவமனைகளில் டிஎம்எஸ் என்பார்கள். அது நேரடியாக எட்டும் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான்.

‘காந்தம்’ என்றதும் பொருட்காட்சியில் விற்கும் காந்தக் காப்பு, காந்தச் செருப்பு, காந்தப் படுக்கை எல்லாவற்றுக்கும் இப்போது அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிடைக்கவில்லை. காப்பில் உள்ள காந்தம் மாறாமல் அப்படியே இருக்கிறது. மாறாத காந்தப்புலம் நரம்பில் மின்னோட்டத்தை உண்டாக்காது. தலைக்கு மேல் பிடிக்கும் சுருளின் புலமோ எம்ஆர்ஐ கருவியின் புலத்துக்கு நிகரான வலிமையோடு கண்ணிமைப்பதற்குள் எழுந்து அடங்கிவிடுகிறது. காப்புக்கும் இதற்கும் உள்ள உறவு பெயரளவில்தான்.

இரண்டாவது முறை மின்னோட்டத் தூண்டல். டிடிசிஎஸ் என்று சுருக்குவார்கள். உப்புநீரில் நனைத்த பஞ்சில் பொதிந்த இரண்டு மின்முனைகளைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடம் ஓடவிடுவார்கள். இதில் பெரும்பகுதி தலைத்தோல் வழியாகவே ஓடிப்போய்விடுகிறது. உள்ளே போகும் மிச்சம் நரம்பணுக்களைத் துடிக்க வைக்கப் போதாது. அவை துடிக்கத் தயாராக இருக்கும் நிலையைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்கிறது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் மிக்கேல் நிட்ஷே, வால்டர் பாவுலஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் இந்த முறைக்கு இவ்வளவு கவனம் கிடைத்தது.

ஷாக் சிகிச்சை என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது இவை இரண்டும் அல்ல. அதில் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்குகிறார்கள். கடும் மனச்சோர்வு போன்ற நிலைகளில் அது இன்றும் பயன்படும் நல்ல சிகிச்சை. காந்தத் தூண்டலில் நோயாளி விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலிப்பு வந்துவிடக் கூடாது என்பதுதான் அங்கே கவலை.

வலிக்கு ஏன் அசைவுப் பகுதியைத் தூண்டுகிறார்கள்?

எனக்கு இந்தக் கதையிலேயே சுவையான பகுதி இது. வலி ஓர் உணர்வு. ஆகவே புறணியில் தொடுவுணர்வுக்கான பகுதியைத் தூண்ட வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படிச் செய்து பார்த்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் ஒட்டியபடி இருக்கும் பகுதி இயக்கப் புறணி. கை, கால், முகத் தசைகளுக்கு அசைவுக் கட்டளை புறப்படும் இடம் அது. டோக்கியோவைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் தகாஷி சுபோகாவாவும் அவருடைய குழுவும், தலாமஸில் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும் நரம்பணுக்கள் இயக்கப் புறணியைத் தூண்டினால் அமைதியாகின்றன என்று பூனைகளில் கண்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பின் ஒரு பாதியில் தீராத வலியால் தவித்த நோயாளிகளுக்கு, மண்டையோட்டைத் திறந்து இயக்கப் புறணியின் மேல் மின்முனை பதித்துப் பார்த்தார்கள். பலருக்கு வலி தணிந்தது. 1991இல் அந்த முடிவுகள் வெளியாயின.

அறுவை இல்லாமல் காந்தத்தாலேயே இதைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, பாரிஸ் அருகே ஷான்-பாஸ்கல் லெஃபோஷர் குழு 2001 முதல் வெளியிட்ட ஆய்வுகள் ‘முடியும், ஆனால் தற்காலிகமாக’ என்று பதில் சொல்லத் தொடங்கின. நொடிக்குப் பத்துத் துடிப்பு அளவில் வேகமாகத் தூண்டினால் பலன். மெதுவாகத் தூண்டினால் இல்லை.

அசைவுக் கட்டளைக்கான இடத்தைத் தட்டினால் வலி ஏன் குறைய வேண்டும்? இயக்கப் புறணியிலிருந்து நரம்பிழைகள் தசைகளை நோக்கி மட்டும் இறங்கவில்லை. தலாமஸுக்கும், வலியின் வேதனைத் தன்மையோடு தொடர்புள்ள உட்பகுதிகளுக்கும், நடுமூளையில் மடையைப் பார்த்துக்கொள்ளும் அந்த நீர்க்கட்டிக்கும் அவற்றின் செல்வாக்கு போகிறது. மூளைப் படமெடுப்பு ஆய்வுகளில், தூண்டிய இடத்தைவிடத் தொலைவில் உள்ள இந்த இடங்களில்தான் மாற்றம் அதிகம் தெரிந்தது. ஊர்ச் சாவடியின் கதவைத் தட்டுகிறோம். ஆள் அனுப்பி மடையை அடைப்பது ஊரின் வேலை.

இதற்கு ஒரு நேர்த்தியான சோதனையும் நடந்தது. நலோக்சோன் என்ற மருந்து உள்ளூறும் ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு இயக்கப் புறணியைத் தூண்டியபோது வலி குறையும் அளவு சுருங்கிவிட்டது. ஆகவே காந்தம் வலியை ‘அழிக்கவில்லை’. உடம்பு தன் கையில் ஏற்கெனவே வைத்திருக்கும் மருந்தை வெளியே எடுக்கும்படி செய்கிறது.

சுருக்கமாக: வலிக்கென்று மூளையில் ஒற்றைச் சுவிட்ச் கிடையாது. தூண்டும் இடம் ஒன்று, வலி அடங்கும் இடங்கள் வேறு.

நாற்காலியில் என்ன நடக்கும்?

காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சுருள் ஒவ்வொரு துடிப்புக்கும் டக் டக்கென்று ஓசை எழுப்பும். வலி வலப்பக்கம் என்றால் சுருள் இடப்பக்கத் தலையில். முதலில் ஒற்றைத் துடிப்புகளைக் கொடுத்து, எந்த அளவில் கட்டைவிரல் லேசாகத் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். சிகிச்சைக்கு அதைவிடச் சற்றுக் குறைந்த வலிமையே போதும். ஆகவே சிகிச்சையின்போது கை ஆடிக்கொண்டிருக்காது. காலில் வலி என்றாலும் பெரும்பாலும் கைக்குரிய பகுதியின் மேல்தான் சுருளை வைக்கிறார்கள். பாதத்துக்குரிய பகுதி மூளையின் இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள பிளவுக்குள் மறைந்திருப்பதால் காந்தப்புலம் எட்டுவது சிரமம். ஓர் அமர்வு பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும். எழுந்தவுடன் வலி போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பலனே சில நாட்கள் கழித்துத்தான் நன்றாகத் தெரியும். பிறகு மெல்லக் கரையும். அதனால்தான் தொடக்கத்தில் தினமும், பின்னர் இடைவெளி விட்டும் அமர்வுகள் தருகிறார்கள்.

எவ்வளவு குறையும், யாருக்குக் குறையும்?

இங்கே இரண்டு மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் நிற்கின்றன. ஐரோப்பிய நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நரம்புக் கோளாறு வலிக்கு இயக்கப் புறணியில் வேகமான காந்தத் தூண்டல் ‘உறுதியான பலன்’ என்ற உயர்ந்த தரத்தைப் பெற்றிருக்கிறது. மருத்துவச் சான்றுகளைக் கறாராக அலசும் காக்ரன் அமைப்பின் 2018 மதிப்பாய்வோ, காந்தத் தூண்டலால் வலி சராசரியாக 7 சதவீதம்தான் குறைகிறது, நோயாளி உணரும் அளவு மாற்றம் என்று சொல்ல 15 சதவீதமாவது வேண்டும், சான்றுகளின் தரமும் தாழ்வு என்று கையை விரித்தது.

இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. காக்ரன் பலவகை நாள்பட்ட வலிகளை ஒரே கூடையில் போட்டுச் சராசரி கண்டது. ஐரோப்பியக் குழு ஒரு வகையைத் தனியே எடுத்தது. நரம்புக் கோளாறு வலி என்பது நரம்பே பழுதாகித் தரும் வலி: நீண்டகால நீரிழிவில் பாதம் தீப்பட்டாற்போல் எரிவது, அக்கி ஆறிய பிறகும் அந்த இடம் சுளீரென்று இழுப்பது, பக்கவாதத்துக்குப் பின் வருவது. மூட்டுத் தேய்மான வலியும் வெறும் முதுகுப் பிடிப்பும் இந்த வகை அல்ல. சராசரி என்பதிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. பத்துப் பேரில் மூவருக்கு நன்றாகக் குறைந்து ஏழு பேருக்கு ஒன்றுமே நடக்காவிட்டாலும் சராசரி சிறிய எண்ணாகத்தான் வரும். என் கணிப்பில் ஐரோப்பியக் குழுவின் பார்வை நோயாளிக்கு அதிகம் பயன்படும். காக்ரனின் பார்வை விளம்பரக்காரரை அடக்க அதிகம் பயன்படும்.

பிரான்ஸில் நதீன் அத்தால் தலைமையில் பல மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வை இதில் முக்கியமாகக் கருதுகிறேன். சுமார் 150 பேர், எல்லோருக்கும் நரம்புக் கோளாறு வலி. 22 வாரங்களில் 15 அமர்வுகள், அமர்வுக்கு 3000 துடிப்புகள். ஒரு குழுவுக்கு இயக்கப் புறணியிலும், இன்னொரு குழுவுக்கு நெற்றிக்குப் பின்னுள்ள முன்புறப் பகுதியிலும் தூண்டல். மீதிப் பேருக்குப் போலித் தூண்டல்: அதே ஓசை, அதே நாற்காலி, உள்ளே எதுவும் போகாது. இயக்கப் புறணிக் குழுவுக்குப் பலன் 25ஆம் வாரத்திலும் தெரிந்தது. முன்புறப் பகுதியைத் தூண்டியது போலித் தூண்டலைவிட மேலானதாக இல்லை. இடம் மாறினால் பலனும் மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போலித் தூண்டல் எதற்கு என்று கேட்கலாம். சிகிச்சை கிடைக்கிறது என்ற எதிர்பார்ப்பே வலியைக் குறைக்கும். அதற்கு மருந்துப்போலி விளைவு என்று பெயர். பல் பிடுங்கியவர்களிடம் 1978இல் நடந்த ஓர் ஆய்வில், அந்த விளைவையும் நலோக்சோன் தடுத்தது. நம்பிக்கையும் அதே மடையைத்தான் அடைக்கிறது. பெரிய எந்திரம், வெள்ளைக் கோட்டு, தலைக்கு மேல் டக் டக் ஓசை எல்லாம் சேர்ந்தால் நம்பிக்கை பிறக்காமல் என்ன செய்யும்? அதைக் கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதே காந்தத்தின் கணக்கு.

ஒற்றைத் தலைவலியின் கதை தனி. அங்கே தலையின் பின்புறத்தில் வைக்கும் கைக்கருவி ஓரிரு துடிப்புகள் மட்டும் தருகிறது. புறணியின் மேல் மெதுவாகப் பரவும் ஒரு மின்னலையைக் கலைப்பதே நோக்கம். கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றித் தொடங்கும் வகையினரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இரண்டு மணி நேரத்தில் வலியே இல்லாமல் போனவர்கள் 39 சதவீதம்; போலிக் கருவி பெற்றவர்களில் 22 சதவீதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

மின்னோட்டத் தூண்டலுக்கு இவ்வளவு வலுவான சான்று இன்னும் இல்லை. மலிவு, எளிமை என்பதால் ஆய்வுகள் ஏராளம், பெரும்பாலானவை சிறியவை.

யாருக்குக் கூடாது, வீட்டில் செய்யலாமா?

தலைக்குள் உலோகக் கிளிப், அறுவை செய்து காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவி உள்ளவர்கள் காந்தத் தூண்டலுக்கு உட்காரக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும், வலிப்பு எளிதில் வர இடம்கொடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் லேசான தலைவலி, தலைத்தோலில் எரிச்சல் அளவோடு போய்விடும். வலிப்பு மிக அரிது, ஆனால் பூச்சியம் அல்ல.

வீட்டுக்குச் சிக்கல் மின்னோட்டக் கருவியில்தான். பேட்டரியும் இரண்டு பஞ்சும் போதுமென்பதால் இணையத்தில் வாங்கியும், தாமே செய்தும் தலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பஞ்சு காய்ந்துபோனால் தோல் சுடும். அது சிறிய பிரச்சினை. மின்முனை சில சென்டிமீட்டர் தள்ளிப்போனாலோ நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறினாலோ வேறு பகுதி தூண்டப்படும், அல்லது விரும்பியதற்கு நேர்மாறாக நடக்கலாம். இந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்டு 2016இல் இதை எச்சரித்துத் திறந்த மடலே வெளியிட்டார்கள்.

மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் வலி எந்த வகை, எந்த இடத்தைத் தூண்டப் போகிறீர்கள், எத்தனை அமர்வுக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்துவீர்கள். ஏற்கெனவே பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், தூண்டல் தொடங்கிவிட்டது என்பதற்காக அதைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இது பெரும்பாலும் மருந்தோடு சேர்த்துத் தரப்படும் சிகிச்சை. மாத்திரையைக் குறைப்பதென்றால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான்.